நாலாவது லேன் கடிகாரம்

மரியராஜுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் குளத்தோரத்தில் அவரைப் பார்க்கிற யாருக்கும் அந்தச் சந்தேகமே வராது. கழுத்தில் விசில், கையில் கிளிப் மாட்டிய அட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் பச்சைச் சிலிப்பர். சுங்கைப் பட்டாணி நகரின் அந்தப் பழைய நீச்சல் குளத்தைச் சுற்றி அவர் நடக்கிற நடைக்கு, இளமையில் இரண்டு கடல்களையாவது நீந்திக் கடந்திருக்க வேண்டும். உண்மையில் இடுப்பளவு தண்ணீரிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவரே இந்த இடத்தில் சிரித்துவிடுவார். அடுத்து வருகிற இடங்களில் அவ்வளவாகச் சிரிப்பு வராது என்பதால் இங்கேயே கொஞ்சம் கூடுதலாகச் சிரித்து வைத்துக்கொள்வார்.

குருண் என்ற ஊரில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருடமாகக் கையுறையில் ஓட்டை தேடித் தேடி, மனிதர்களிடமும் அதையே தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. கோயிலில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு முறை அவர் இரண்டு பக்கத்துக்கு ஒழுங்குமுறை எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் அதைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்தவர், இன்னும் எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவருடைய பத்து வயது மகள் ஏமி, நீண்ட பள்ளி விடுமுறையில் இளையோர் நீச்சல் குழுவில் சேர்ந்தாள். இருபத்து மூன்று குடும்பங்கள் கூடிய முதல் கூட்டத்தில் கோச் தேவன், "குடும்பங்களுக்கு ரூல்ஸ் கொஞ்சம் எழுதணும். சும்மா அரைப் பக்கம் போதும்லா. யாராவது…" என்று ஆரம்பித்தார். 'யாராவது' முடிவதற்குள் மரியராஜின் கை மேலே இருந்தது. அன்றைக்கே அவர் செயலாளரும் ஆனார்.

அரைப் பக்கம் நான்கு பக்கமானது. பதினேழு விதிகள். போட்டி நாளில் முக்கால் மணி நேரம் முன்னதாக வர வேண்டும். குளத்தோரத்தில் யாரும் ஓடக் கூடாது. கோச் இருக்கும்போது பெற்றோர் பயிற்சி சொல்லிக் கொடுக்கக் கூடாது. நேரம் எடுக்கிறவர் தன் லேனை விட்டு நகரக் கூடாது, வேறு லேனைப் பார்க்கக் கூடாது, எந்தப் பிள்ளைக்காகவும் குரல் எழுப்பக் கூடாது. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி அகத்தா சமையலறையில் நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தாள்.

"பதினேழா? மோசேக்கே பத்து போதுமா இருந்திச்சு."

"மோசே ஸ்விமிங் டீம் நடத்தலையே."

"தண்ணியைப் பிளந்தாரே, அது கணக்கில்லையா?" என்றாள் அகத்தா.

அந்தப் பதினேழில் மரியராஜுக்கு மிகவும் பிடித்தது பதினொன்றாவது. போட்டி நாளானாலும் நேரம் பார்க்கிற நாளானாலும் ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தாக வேண்டும்; வேலைக்கு வராதவர், தாமதமாக வந்தவர், வேலையில் தவறியவர் ஆகியோரின் பிள்ளை அடுத்த போட்டியில் எக்காரணம் கொண்டும் நீந்த முடியாது. அந்த 'எக்காரணம் கொண்டும்' என்பதை அவர் கடைசியாகச் சேர்த்தார். சேர்த்துவிட்டு ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். உடம்பே கொஞ்சம் சிலிர்த்தது.

விதியின் முதல் பலி காஞ்சனா. அவள் பீடோங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருப்பவள், வேறொரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, புருஷன் இல்லை. மகள் சாந்தினியை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தினமும் குளத்துக்குக் கூட்டி வருவாள். இரண்டாவது போட்டி நாளில் பாதி வழியில் சங்கிலி அறுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம். கையெல்லாம் கிரீஸ்.

"அண்ணே, செயின் அறுந்திருச்சு அண்ணே. வேணும்னு லேட்டா வரல."

மரியராஜ் அட்டையைப் பார்த்தாரே தவிர அவள் கையைப் பார்க்கவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு காஞ்சனா. ஆனா ரூல் ரூல்தானே. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்." சுற்றி நின்ற குடும்பங்கள் தத்தம் பிள்ளைகளின் துண்டை மடிப்பதில் மும்முரமாயின.

மூன்றாவது போட்டியில் சாந்தினி நீந்தவில்லை. பிள்ளை நீந்தாவிட்டாலும் குடும்பம் வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்பது பன்னிரண்டாவது விதி. எனவே காஞ்சனா வந்து பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சாந்தினி நீச்சல் உடைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எதற்காக நீச்சல் உடையோடு வந்தாள் என்று மரியராஜுக்கு அப்போது தோன்றவில்லை. கடைசி நிமிடத்தில் யாராவது மனசு மாறுவார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

விடுமுறை முடிகிற நேரத்தில் அலோர் ஸ்டாரில் பெரிய போட்டி. வருகிற எல்லாப் பிள்ளைகளும் ஐம்பது மீட்டரில் தனித்தனியே நீந்தலாம். ஆனால் ரிலேயில் நான்கு பெண் பிள்ளைகளுக்குத்தான் இடம். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் ஏமிக்கா, சாந்தினிக்கா என்பதை ஒரு சனிக்கிழமைக் காலை நேரம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் கோச் தேவன். ஏமி விடுமுறை முழுவதும் அந்த ஒரு இடத்துக்காகத்தான் காலை ஆறு மணிக்குத் தானாகவே எழுந்தாள். பள்ளிக்கூட நாளில் அவளை எழுப்ப மின்விசிறி, விளக்கு, அகத்தாவின் குரல் மூன்றும் வேண்டும்.

சொந்தப் பிள்ளையின் லேனுக்குப் பெற்றோர் நேரம் எடுக்கக் கூடாது. அதுவும் மரியராஜ் எழுதியதுதான். அதனால் ஆறாவது லேனில் ஏமிக்குப் புஷ்பவள்ளி அக்கா கடிகாரம் பிடித்தார். நாலாவது லேனில் சாந்தினிக்கு மரியராஜ். ஐந்தாவது லேன் அன்றைக்குக் காலி. காஞ்சனாவுக்கு உடை மாற்றும் அறைக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற வேலை. அங்கிருந்து குளம் தெரியாது. ஒரு தடவை சூடு பட்டவள், எட்டிப் பார்க்கக்கூட நகரவில்லை.

கோச் விசில் ஊதினார். மரியராஜ் கட்டைவிரலால் கடிகாரத்தை அமுக்கினார். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆறாவது லேன் சுவரை ஒட்டிய லேன். ஏமி முதல் பத்து மீட்டரிலேயே கொஞ்சம் பின்தங்குகிற மாதிரி அவருக்குப் பட்டது. ஓர் அடி எடுத்து வைத்தார். பார்க்கத்தானே போகிறோம் என்று இன்னொரு அடி. மூன்றாவது அடி எடுத்து வைத்ததே அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடிக்கிற மனிதர் குளத்தோரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். "கையை நீட்டு ஏமி! காலை அடி! காலு, காலு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பச்சைச் சிலிப்பர் ஈரத் தரையில் சப்சப்பென்று அடித்தது. ஓடக் கூடாது, பயிற்சி சொல்லக் கூடாது, லேனை விட்டு நகரக் கூடாது. சொந்தமாக எழுதிய விதிகளில் மூன்றை ஒரே ஓட்டத்தில் உடைத்த பெருமை இன்றுவரை அவர் ஒருவருக்குத்தான்.

ஏமி எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அவரும் திரும்பினார். ஏமியின் கை கடைசிச் சுவரைத் தொட்டதும் அவருடைய கட்டைவிரல் தானாக அமுங்கியது.

அப்புறம்தான் அது யாருடைய கடிகாரம் என்பது நினைவுக்கு வந்தது. நாலாவது லேனைப் பார்த்தார். சாந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? இப்போதுதானே வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொட்டிருப்பார்கள். அவர் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். இரண்டாவது முறை சொல்லும்போது கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

கோச் அப்போது அடுத்த சுற்றுப் பையன் ஒருவனின் கண்ணாடிப் பட்டை அறுந்து போனதைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரும் முடிவைப் பார்க்கவில்லை. புஷ்பவள்ளி அக்கா தன் கடிகாரத்தைப் படித்தார். ஏமி, நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று எட்டு. மரியராஜ் தன்னுடையதைப் படித்தார். சாந்தினி, நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. தொழிற்சாலையில், பார்க்காமலேயே படிவத்தில் எண்களை நிரப்புகிற பெண்களுக்கு அவர் எத்தனையோ முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அவரே அழகான கையெழுத்தில் நிரப்பினார்.

சாந்தினி ஈரம் சொட்டச் சொட்ட அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், நான் தொட்டுட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஏமி இன்னும் வந்துக்கிட்டுதான் இருந்தா."

"வாட்ச் பொய் சொல்லாதும்மா" என்றார் மரியராஜ்.

"சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் துண்டை எடுக்கப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் வழக்கமான கடையில் காரை நிறுத்தி, ஏமிக்கு மீ கோரேங் நூடுல்ஸும் குளிர்ந்த மைலோ ஆயிஸும் வாங்கிக் கொடுத்தார். வெற்றி விழா. ஏமி முட்கரண்டியால் மீயைச் சுற்றிக்கொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"என்னாடா, பசிக்கலையா? ரிலேல நீச்சலடிக்கப் போற புள்ள சாப்பிட வேணாமா?"

"அப்பா, நான் ரைட் சைடுலதானே மூச்சு வாங்குவேன்?"

"ஆமா. கோச்சுகூட லெஃப்ட்டும் பழகுன்னு சொன்னாரே."

"போறப்ப ரைட் சைடுல செவுரு. ஒவ்வொரு தடவை மூச்சு வாங்குறப்பவும் உங்க பச்சை சிலிப்பர் தெரிஞ்சிச்சு. என் கூடவே ஓடி வந்துச்சு." ஏமி முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "திரும்பி வர்றப்ப ரைட் சைடுல சாந்தினி. மொதல்ல அவ தலை தெரிஞ்சிச்சு. அப்புறம் காலு தெரிஞ்சிச்சு. அப்புறம் ஒன்னுமே தெரியல, வெறும் தண்ணி. அவ போயிட்டா."

மரியராஜ் தே தாரேக் டீயை வாய் வரை கொண்டுபோனவர், அப்படியே வைத்திருந்தார்.

"நீங்க என் கூட ஓடுனீங்க. அப்ப சாந்தினி வாட்ச்சை யாருப்பா பார்த்தா?"

  மரியராஜ், "சாப்பிடு, ஆறிடும்" என்றார். அதுவும் பொய்தான், ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பக்கத்தையும் எடுத்துத் திரும்பப் படித்தார். எங்காவது ஓர் ஓட்டை இருக்கும் என்று தேடினார். இருபத்திரண்டு வருட அனுபவம். ஓட்டையே இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். வேலையில் தவறியவரின் பிள்ளை அடுத்த போட்டியில் நீந்த முடியாது. அடுத்த போட்டி அலோர் ஸ்டார். உண்மையைச் சொன்னால் ஏமிக்கு ரிலே மட்டுமல்ல, ஐம்பது மீட்டரும் போய்விடும். துண்டைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார வேண்டியதுதான். சொல்லாவிட்டால் சாந்தினியின் இடத்தில் ஏமி நீந்துவாள், அது யாருடைய இடம் என்று தெரிந்துகொண்டே நீந்துவாள். நேரம் பற்றிய புகார்களை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும் என்று வேறு ஒரு விதி இருந்தது. மரியராஜ் மரியராஜுக்குப் புகார் எழுத வேண்டும்.

கோழைக்கு எப்போதும் மூன்றாவது வழி ஒன்று கிடைத்துவிடும். அவர் கோச் தேவனுக்குப் போன் போட்டார்.

"கோச், காலைல நான் வச்சிருந்த வாட்ச்ல பேட்டரி வீக்குன்னு நினைக்கிறேன். இப்பதான் பார்த்தேன். நம்பர் மங்கலா தெரியுது. நியாயமா பார்த்தா அந்த ரெண்டு புள்ளைங்களையும் இன்னொரு வாட்டி நீந்த விடணும்."

"பரவாயில்ல அண்ணே, திங்கட்கிழமை சாயந்திரம் வச்சிக்கலாம். நீங்களா சொன்னீங்க பாருங்க, அதான் பெரிசு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவோரம் ஏமி. "பேட்டரியாப்பா?"

"போ, போய் ஹோம்வொர்க்கைப் பாரு."

"லீவுல ஏதுப்பா ஹோம்வொர்க்?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். பின்னால் நின்ற அகத்தாவின் காதிலும் அது விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பாவ மன்னிப்பு மன்றாட்டின்போது புருஷனைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் யாரையும் பார்க்க மாட்டாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் குளத்துக்கு வந்திருந்தது. மரியராஜ் எல்லாருக்கும் முன்னால் வந்து, பேட்டரி புதிதாக மாற்றிய கடிகாரத்தை மேசையில் வைத்திருந்தார். பொய்க்கும்கூட அவரிடம் முறையான ஏற்பாடு உண்டு. அப்போது காஞ்சனாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அவள் நேராக அவரிடம் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரம்புத்தான்.

"அண்ணே, கோச் சொன்னாரு. நீங்களே பார்த்துச் சொன்னீங்களாமே, வாட்ச் சரியில்லன்னு." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் கண் கலங்கியிருந்தது. "மத்தவங்களா இருந்தா சொந்தப் புள்ளைக்குக் கெடைச்சதை விட்டுருப்பாங்களா? நான் உங்களைத் தப்பா நெனைச்சிட்டேன் அண்ணே. அன்னைக்கு செயின் அறுந்தப்ப, வீட்டுக்குப் போயி உங்களை நல்லாத் திட்டிட்டேன். மன்னிச்சிருங்க. இது நம்ம எஸ்டேட்டுப் பழம், ஏமிக்குக் குடுங்க. இன்னைக்கு நைட் ஷிஃப்ட்டைக்கூட வேற ஆளுக்கு மாத்தி விட்டுட்டேன், நேரத்துக்கு வரணும்னு."

மரியராஜ் பையை வாங்கிக்கொண்டார். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஏமி நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாங்கியிருந்தால் தாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"காஞ்சனா, பேட்டரி நல்லாத்தான் இருந்திச்சு."

"என்னா அண்ணே?"

மரியராஜ் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தார். கழுத்தில் விசில் இருந்தது. பழக்க தோஷத்தில் அதை எடுத்து ஊதிவிட்டார். குளத்தோரமே அமைதியாகித் திரும்பிப் பார்த்தது. தனியாக ஒருத்தியிடம் சொல்ல நினைத்ததை வந்திருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லும்படி தன்னையே மாட்டிக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் நாலாவது லேனைப் பார்க்கல" என்றார். "என் மக பின்னாடியே ஓடிட்டேன். ஏமி தொட்டப்பதான் வாட்ச்சை நிப்பாட்டினேன். சாந்தினி அதுக்கு முன்னாடியே தொட்டுட்டா. அந்தப் புள்ளை எங்கிட்ட வந்து சொல்லிச்சு. வாட்ச் பொய் சொல்லாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பேட்டரி கதையும் நான் கட்டுனதுதான். பதினொன்னாவது ரூல்படி அலோர் ஸ்டார்ல ஏமி நீந்த மாட்டா."

சொல்லி முடித்தபோது, ரம்புத்தான் பை இன்னும் கையில் இருப்பது தெரிந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் புஷ்பவள்ளி அக்கா பேசினார். "சரி விடுங்க தம்பி, பெத்தவங்களுக்கு வர்ற ஆசைதானே." இன்னொருவர், "உண்மையைச் சொல்லிட்டாருல்ல, அப்புறம் என்னா" என்றார். கோச் தேவனும், "இன்னைக்கு மறுபடி நீந்தப் போறாங்க, யாருக்கும் நஷ்டமில்ல. இந்த ஒரு வாட்டி ரூலை விட்டுரலாம்லா" என்றார். எல்லாத் தலையும் ஆடியது. மரியராஜுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவருக்கு அதிகமாகக் கூசும்.

காஞ்சனா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இந்த ஒரு வாட்டி விட்டுரலாம்னு சொல்லத் தெரியுமா உங்களுக்கு?" அவள் கத்தவில்லை. "என் செயின் அறுந்தப்ப நீங்க எல்லாரும் இங்கதானே இருந்தீங்க. ஒருத்தர் வாயைத் தொறக்கல. என் புள்ள ஸ்விம்சூட்டோட உட்கார்ந்திருந்திச்சு. போட்டுக்க வேணாம்னு சொன்னேன், கேக்கல. யாராச்சும் கூப்பிடுவாங்கம்மான்னு சொல்லிச்சு."

 இந்த முறை யாருக்கும் மடிக்கத் துண்டு இல்லை.

ஏமி தலையிலிருந்த நீச்சல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். மரியராஜ் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்டனை என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது பொறுப்பில்லாத பெற்றோர். அதைச் சுமந்துகொண்டு போவது இந்த முதுகு என்பது நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

"ஏமி, நில்லு" என்றாள் காஞ்சனா. "நீ எங்க போற? போய்த் தண்ணியில எறங்கு." பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "புள்ளைங்க என்னா பண்ணுச்சு? என் புள்ள உட்கார்ந்த மாதிரி இனி எந்தப் புள்ளையும் உட்கார வேணாம். தப்பு பண்ணவங்க உட்காரட்டும். அண்ணன் அலோர் ஸ்டார்ல கேட்டுக்கு வெளிய நிக்கட்டும். உள்ள காலை வைக்கக் கூடாது."

"எக்காரணம் கொண்டும்" என்று படிக்கட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மரியராஜும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வது?

அன்று சாயந்திரம் இரண்டு பிள்ளைகளும் மறுபடி நீந்தினார்கள். நாலாவது லேனுக்குக் கோச்சே கடிகாரம் பிடித்தார். சாந்தினி நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம் ஐந்து. ஏமி நாற்பத்திரண்டு புள்ளி இரண்டு. ரிலே இடம் சாந்தினிக்கு. ஏமி காரில் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்துவிட்டு ரம்புத்தானை உரித்துச் சாப்பிட ஆரம்பித்தவள், அப்பாவுக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தாள். புது விதியை மரியராஜ் அன்றைக்கே எழுதினார், ஒரே வரியில். பதினெட்டாவது. அகத்தா படித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் எழுதப் பழகிட்டீங்க" என்றாள்.

அலோர் ஸ்டாரில் அவர் காரை நிறுத்திவிட்டு, அகத்தாவையும் ஏமியையும் உள்ளே அனுப்பினார். கம்பிக் கதவுக்கு வெளியே, தலை உயரத்துக்குமேல் நின்ற மதிலின் நிழலில் தனியாக நின்றார். விசிலை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் பார்த்த மலாய்க்கார ஜாகா, டிக்கெட் இல்லையோ என்னவோ என்று அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம், கைதட்டல், விசில். எந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார். ஒலிபெருக்கியில் ஏமியின் சுற்றுக்கு அழைத்தார்கள். அதே சுற்றில் சாந்தினியின் பெயரும் வந்தது. விசில் அடித்தது. தன்போக்கில் அவருடைய கட்டைவிரல் வெறும் கையில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது. மூச்சை எப்போது நிறுத்தினார், எப்போது விட்டார் என்பது அவருக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் காஞ்சனா கதவுப் பக்கம் ஓடி வந்தாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. அன்றைக்கு அவளுக்கு நேரம் எடுக்கிற வேலை.

"அண்ணே, நாலாவது லேன் எனக்குக் கெடைச்சிச்சு. உங்க பொண்ணுதான் நாலாவது லேன்ல. நாப்பத்தொன்னு புள்ளி ஆறு. போன வாட்டியை விட நல்ல டைம்." கம்பிக்கு நடுவே கடிகாரத்தை நீட்டிக் காட்டினாள்.

மரியராஜ் அந்த எண்ணையே பார்த்தார். "சாந்தினி எவ்வளவு?"

"தெரியல அண்ணே."

"ஒரே சுத்துலதானே நீந்துனாங்க?"

"ஆமா. ஆனா நான் கண்ணை எடுக்கல" என்றாள் காஞ்சனா. "ஏமி தொடுற வரைக்கும் நாலாவது லேனைத்தான் பார்த்தேன். என் புள்ள எப்படி நீந்துனுச்சுன்னு பார்க்கல. இனிமேதான் போய்க் கேக்கணும்."

அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. வேலையைச் செய்த ஒருத்தி, என்ன நடந்ததென்று சொன்னாள், அவ்வளவுதான். மரியராஜ், "வா, நானும் வர்றேன், போய்க் கேப்போம்" என்று கதவைத் தள்ளினார்.

காஞ்சனா கம்பியை உள்பக்கமிருந்து பிடித்து நிறுத்தினாள். "நீங்க எங்க வர்றீங்க? ரிலே இன்னும் இருக்கு. பதினெட்டாவது ரூல்." சொல்லிவிட்டு மகளைத் தேடி ஓடினாள்.

சற்று நேரத்தில் ரிலேக்கு அழைப்பு வந்தது. விசில் அடித்ததும் உள்ளே கூட்டம் கத்த ஆரம்பித்தது. குளத்தோரத்தில் எதெதெல்லாம் செய்யக் கூடாது என்று பதினேழு விதி எழுதியவர், மதிலுக்கு வெளியே நின்று கத்தக் கூடாது என்று எழுத மறந்திருந்தார். மரியராஜ் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

"சாந்தினி! கையை நீட்டு! காலை அடி! சாந்தினி!"

ஜாகா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "அனாக் அபாங் கா?" என்று கேட்டார், உங்கள் பிள்ளையா என்று.

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மரியராஜ் இன்னும் உரக்கக் கத்தினார்.